எதுவும் கேட்காத வீடு

அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த நான் 58 வயதில் ஓய்வு பெற்றதாக என் ஓய்வூதியப் புத்தகம் சொல்கிறது. அது பாதி உண்மை. பள்ளிக்கூடம் என்னை விட்டது, அடுப்பு விடவில்லை. காலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம் போய்விட்டதால் இன்னும் நிதானமாக, இன்னும் ஒரு காய் கூடச் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய பிறகு, மயிலாடுதுறை வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இந்த மூத்தோர் குடியிருப்புக்கு வந்த அன்றுதான் மெய்யாகவே ஓய்வு பெற்றேன். அதற்கு யாரும் மாலை போடவில்லை, பாராட்டு மடல் வாசிக்கவில்லை. மதியம் உணவுக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். யாரோ ஒரு பையன் என் தட்டில் சாதம் வைத்தான். போதுமா என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை நான்தான் கேட்டுப் பழக்கம்.

கோவையைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், நல்ல மருத்துவமனைகள், பிள்ளைகள் வந்து இறங்க ஒரு விமான நிலையம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. தேவையும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர். இப்போது இன்னும் கூடியிருக்கும்.

உறவுக்காரர்களுக்கு இதெல்லாம் காதில் ஏறாது. "பிள்ளைங்க இருந்துமா அங்க போய்ச் சேர்ந்தீங்க?" என்று துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். வயதான காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவது நம் ஊருக்குப் புதிதா என்ன? கடைசிக் காலத்தைப் பெருமாள் காலடியில் கழிக்கிறேன் என்று ஸ்ரீரங்கத்தில் ஓர் ஒண்டுக்குடித்தன அறையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! காசிக்கே போய்த் திரும்பாதவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து யாரும் பிள்ளைகளைக் குறை சொன்னதில்லை. அவர்கள் கோயிலை நம்பிப் போனார்கள், நாங்கள் உணவுக்கூடத்தை நம்பி வந்திருக்கிறோம். அதுதான் உறுத்துகிறது போலும்.

பணம், பத்திரம் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வீட்டை விலைக்கும் வாங்கலாம், முன்பணம் கட்டிக் காலம் முழுக்க இருந்துவிட்டும் போகலாம். எதுவானாலும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, சாப்பாட்டுக் கணக்கு தனி. பல இடங்களில், வாரிசுக்கு வீடு போய்ச் சேரும், ஆனால் ஐம்பத்தைந்து வயது ஆகாத வாரிசு அங்கே குடியிருக்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் இந்த விதியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிவிடுவது நல்லது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழிவறையில் கைப்பிடிக் கம்பி, ஈரத்திலும் வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவு, கட்டிலுக்குப் பக்கத்தில் அவசர மணி. இவை கட்டியவரின் கருணையால் மட்டும் வந்தவை அல்ல. 2019-இல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான் அவற்றுக்கு வலு என்றாலும், கேட்டுப் பெற நம் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. எல்லாம் யோசித்துச் செய்த வீடுதான். ஒரே ஒரு குறை: நிலைப்படி கிடையாது. கால் தடுக்கக் கூடாது, சக்கரம் முட்டக் கூடாது என்று வாசலைத் தரையோடு தரையாக விட்டிருக்கிறார்கள். முதல் வெள்ளிக்கிழமை மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எதிர்வீட்டில் நிலைக்காலின் அடியில் இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நானும் வைத்தேன்.

ஆனாலும் வெகுநாள் அந்த வீட்டில் நான் விருந்தாளியாகவே இருந்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான்காம் நாள் என்ன செய்வது என்று சொல்லி வைக்கவில்லை. மயிலாடுதுறை வீடு ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்று என்னும். கிணற்றுச் சகடைக்கு எண்ணெய் கேட்கும். கொல்லைக் கதவு மழையில் உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் அடம்பிடிக்கும். அதைத் திட்டிக்கொண்டே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தினேன். இந்த வீடு ஒன்றும் கேட்பதில்லை. குழாய் சொட்டினால் அலுவலகத்துக்குப் போன் செய்தால் போதும், ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போய்விடுகிறான். மின்கட்டணம் கட்ட வேண்டிய தேதி எனக்குத் தெரியாது. பால் பொங்கி வழியக்கூட வழியில்லை; தேநீர் ஃபிளாஸ்கில் வருகிறது. இப்படி ஒரு வாழ்க்கைக்கு ஏங்கித்தான் வந்தோம். வந்த பிறகு, என்னிடம் ஒன்றுமே கேட்காத வீட்டை எப்படி என் வீடு என்று சொல்வது என்று விளங்கவில்லை.

என் கணவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. வந்த வாரமே ரம்மி கோஷ்டி கிடைத்துவிட்டது. "ஏங்க, உங்களுக்கு இது வீடு மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். "வேற எப்படி இருக்கும்?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவருக்கு வீடு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது: வேளைக்குச் சாப்பாடு வரும், துணி துவைத்து மடித்து வரும். அவர் ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு மாறியிருக்கிறார். வேலையை விட்டு வந்தது நான்.

எல்லாப் பெண்களும் என்னைப் போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் தொகுதியில் ஓர் அம்மாள் இருக்கிறார். மாமியார், மூன்று நாத்தனார், ஆறு பிள்ளைகள் என்று பெரிய குடும்பத்துக்கு வடித்துக் கொட்டியவர். "இனிமே குக்கர் விசில் சத்தம் கேட்டாலே ஓடிருவேன் டீச்சர்" என்கிறார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. பாத்திரம் என்று அவர் வீட்டில் இருப்பவை இரண்டு டம்ளர்கள். என் கொள்கை அவரிடம் செல்லாது.

இங்கே ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்ளும் விதமும் எனக்குப் புதிது. என்ன வேலை பார்த்தீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பிள்ளைகள் எங்கே என்பது. நியூ ஜெர்சி, சிட்னி, சிங்கப்பூர், பெங்களூரு. காலை ஏழிலிருந்து எட்டரைவரை நடைபாதையில் பாதிப் பேர் காதில் போனோடு நடக்கிறார்கள். அது அமெரிக்காவின் நேரம். ஆஸ்திரேலியாக்காரர்களின் பெற்றோர் மதியம் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூரில், பீளமேட்டில், பிள்ளை இருப்பவரின் நிலைதான் சங்கடம். "பக்கத்துலதான் இருக்கான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். கடல் தாண்டி இருக்கும் மகனுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, உள்ளூரிலேயே இருப்பவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியை என்றதும், பணியாளர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருவேன் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. மாட்டேன் என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. புண்ணியம் தேடித்தான் ஓர் ஊரில் காலூன்ற வேண்டும் என்றால் நான் ஊன்றாமலே இருந்துவிடுகிறேன்.

நான் காலூன்றியது வேறு இடத்தில். இங்கே சாவு ரகசியமல்ல. குடிவந்ததும் ஒரு படிவம் தருகிறார்கள்: எந்த மருத்துவமனை, யாருக்கு முதலில் தகவல், உடல்தானம் உண்டா, எரிப்பதா புதைப்பதா. முதலில் அதைப் படிக்கும்போது பேனா ஓடாது. அப்புறம் ரேஷன் அட்டை விண்ணப்பம் போல நிரப்பிவிடுவோம். அதன் பொருள் எனக்குப் புரிந்தது, எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் போனபோது. மகன் அமெரிக்காவிலிருந்து விமானம் பிடித்து வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். உடல் ஐஸ் பெட்டியில். அவர் மனைவி தனியாக. அவரோடு மாற்றி மாற்றி யார் உட்காருவது என்று ஒரு தாளில் எழுதி மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். இரவு பத்திலிருந்து பன்னிரண்டு: என் பெயர். கட்டண ரசீதைத் தவிர இந்த இடத்தில் என் பெயரை எழுதியிருந்த முதல் தாள் அது. யாரும் என்னைக் கேட்கவில்லை, எழுதிவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் அழவில்லை. கணவர் எப்படித் தினமும் நாளிதழை இஸ்திரி போட்டது போல மடித்து வைப்பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அடுத்தவர் வந்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு சின்னச் சின்னதாக ஆட்கள் எதையாவது கேட்க ஆரம்பித்தார்கள். பொள்ளாச்சிக்காரர் ஒருவர், பக்கத்து வீடு, மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "டீச்சர், இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. ராத்திரி ஏதாச்சும்னா கதவை உடைக்க வேண்டாமில்லைங்களா?" அந்தச் சாவி என் பூஜை அலமாரியில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் அவர் வீட்டுப் பால் பை உள்ளே போகவில்லை என்றால் நான் போய்த் தட்டுவேன். இதுவரை இருமுறை வெறுமனே தூங்கிவிட்டிருந்தார். வைதுவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் யாரோடும் பேசாமல் இருந்தார். நவம்பர் வந்தது. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று 2014-இல் வந்ததிலிருந்து வங்கி வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லைதான். ஆனால் வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காது. முகத்தைக் காட்டியே பதிகிற வசதி பின்னால் வந்தது. அதை அவர் தம் போனில் செய்யக் கற்று வைத்திருந்தார். இப்போது நவம்பர் முதல் வாரத்தில் அவர் வீட்டு வாசலில் கூட்டம். "கண்ணைச் சிமிட்டுங்க, இன்னொரு தடவை" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதருக்கு இவ்வளவு குரல் உண்டென்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இத்தனை வயதாகியும் தனக்கு ஏன் நரைக்கவில்லை என்பதற்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் காரணம் சொல்வார். நான் அதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், முறை தவறாத அரசன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவற்றுக்கெல்லாம் மேலாகத் தன் ஊரில் சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்று முடிப்பார். வகுப்பில் நான் மனைவி மக்களைத்தான் அழுத்திச் சொல்வேன். ஊர் என்பதை ஓர் அலங்காரமாகக் கடந்துவிடுவேன். பிள்ளைகளெல்லாம் வேறு வேறு நேரத்தில் வாழும் இந்த இடத்தில், ஊருக்கு அவர் கொடுத்த இடம் சரி என்று படுகிறது. சான்றோர் என்று எங்களில் எல்லோரையும் சொல்லிவிட முடியாது. நூலகத்து நாளிதழில் குறுக்கெழுத்தை யாருக்கும் முன்னால் பேனாவால் நிரப்பி வைத்துவிடுகிற மகாபாவி ஒருவரும் இங்கேதான் இருக்கிறார்.

சாப்பாட்டில்தான் இன்னும் இணக்கம் வரவில்லை. தஞ்சாவூர்க்காரிக்கு அரைத்துவிட்ட சாம்பார், சென்னைக்காரருக்கு வெங்காய சாம்பார், கோவைக்காரர்களுக்கு அரிசிபருப்பு சாதம் இருந்தால் சாம்பாரே வேண்டாம். சமையற்காரர்களில் இருவர் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். எங்கள் சண்டைக்கு நடுவில் அவர்கள் ஒரு பொதுச் சாம்பாரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை யாருக்கும் பிடிக்காது, எல்லோரும் சாப்பிடுகிறோம். புகார் எழுதிப் போடும் நோட்டில் என் கையெழுத்து அடிக்கடி வருவதைப் பார்த்து, போன மாதம் என்னை உணவுக் குழுவில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு ரசம் வேண்டும் என்று பொள்ளாச்சிக்காரர் தீர்மானம் கொண்டுவருகிறார். சாவியைக் கொடுத்தவர் என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் என்பது என் திருத்தம். பாலக்காட்டுக்காரர்கள் இரண்டு பேர் மோர்க்கூட்டான் கேட்டு முரண்டு பிடிக்கிறார்கள். கூட்டத்துக்கு முன் அவர்களைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும்.