பண்டிகையும் பக்குவமும்

தீபாவளியன்று விடியுமுன் நல்லெண்ணெய் தேய்த்து நீராடி, சுக்கும் மிளகும் ஓமமும் திப்பிலியும் வெல்லப்பாகில் சேர்த்துக் கிளறிய லேகியத்தை ஓர் உருண்டை உண்ட பிறகே பட்சணத் தட்டை நெருங்க வேண்டும் என்று நியமம் வகுத்த நம் பாட்டிமார், ஆனந்தத்தையும் ஆரோக்கியத்தையும் ஒருபோதும் விரோதிகளாகக் கருதியதில்லை. நவராத்திரி மாலைகளில் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை என நாளுக்கொன்றாகச் சுண்டல் செய்து, வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு வந்தவர் கையில் வைத்தனுப்பிய வழக்கத்திலும் அதே விவேகம் உண்டு. அந்தத் தானத்தில் ஆடம்பரம் இல்லை, அன்புக்கோ குறைவில்லை. இன்றோ, சர்க்கரை வியாதியால் வருந்தும் பெரியவர் வீட்டுக்கும் நெய்யொழுகும் இனிப்புப் பெட்டியையே சம்பிரதாயமாக அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று திருப்தியடைகிறோம். அவர் அதைத் தொடவும் முடியாமல், தள்ளவும் மனமில்லாமல் தவிப்பதை நாம் காண்பதில்லை என்பது மெய்யாகவே வேதனை தருகிறது. பெறுகிறவருடைய தேகத்தையும் தேவையையும் ஒரு கணம் மனத்தில் நிறுத்துவோமாயின், ஒரு படி பயறோ, ஒரு நல்ல புஸ்தகமோ, அவரருகே அமர்ந்து நிதானமாகப் பேசும் ஒரு மாலைப் பொழுதோ தானாகவே நினைவுக்கு வரும்.