பெயரில்லாமல் விழுகிறவர்கள்

“படம் எப்படி மச்சான்?”

“தாறுமாறு. கடைசி அரை மணித்தியாலமும் ஒரே வெடிதான்.”

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் இஷா முடிந்த பிறகு எந்தத் தேநீர்க் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சொல்பவனுக்கு இருபது வயது இருக்கும். கெட்ட பிள்ளை அல்ல. அவன் பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்டுச் சிரிக்கிற அறுபது வயதுக்காரரை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் 1990ஐக் கண்ணால் கண்டவர்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில், கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து, தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் அந்தச் சன்னங்கள் துளைத்த ஓட்டைகளைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். அதே மாதம் 12ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள். பிறகு 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். 6 சிறுவர்கள் உட்பட 15 பேர் அங்கே செத்தார்கள். இந்தக் கரையில் சாவு ஒரே பக்கத்திலிருந்து வரவில்லை.

படத்தில் சுடப்படுகிறவனைக் கவனியுங்கள். அவனுக்கு முகம் கிடையாது. முகமூடியோ தலைக்கவசமோ மறைத்திருக்கும். அவன் பேசுவதில்லை, பேசினாலும் நமக்கு விளங்காத பாஷை. உடல் தரையில் விழுவதற்கு முன்பே கமெரா அடுத்தவனிடம் போய்விடுகிறது. கதாநாயகன் ஒரே மூச்சில் நாற்பது பேரை வீழ்த்தினாலும், ஒருவனுடைய உம்மாவாவது வாசலுக்கு ஓடி வருவதை நாம் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் கைதட்ட முடியாது.

வெடிபட்ட மையத்தைக் குளிப்பாட்டியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். காயத்தில் பஞ்சு வைத்து அடைத்து, அதற்கு மேலும் வைத்துக் கட்டி, கஃபனிட்டுத் தூக்கும் நேரத்தில் வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறி வரும். சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்கள் அதை எவருக்கும் சொல்லவில்லை. ஊரடங்கு போட்டிருந்தால் மையவாடிக்குப் போவதும் பயம்தான்.

நம்மைத் திரையில் காட்டிய விதத்துக்காக நாமும் கோபப்பட்டிருக்கிறோம். 2012இல் ‘துப்பாக்கி’, அடுத்த வருடம் ‘விஸ்வரூபம்’, 2022இல் ‘பீஸ்ட்’. ‘விஸ்வரூப’த்தைத் தமிழ்நாட்டரசு இரண்டு வாரம் தடுத்து வைத்தது. ‘பீஸ்ட்’டைக் குவைத் திரையிட விடவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. தாடி வைத்தவனெல்லாம் குண்டுக்காரன் என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தால், பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையும் மாறிவிடும். 2019க்குப் பிறகு அந்தப் பார்வை படாதவர் நம்மில் குறைவு.

ஆனால் அதே நாம், துருக்கித் தொடரான ‘எர்துருல்’ கைத்தொலைபேசியில் ஓடும்போது, தலைகள் வெட்டுப்பட்டு உருள்வதைப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கிறோம். “இது நம்முட வரலாறுதானே” என்கிறோம். அங்கே விழுகிறவனுக்கும் முகமில்லை. பெருநாள் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துவக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளை முற்றத்தில் யாரையோ சுடுகிறது. யாரை என்று நாம் கேட்பதில்லை. வாசிப்பிலும் இதுதான் நடந்தது. சாண்டில்யனின் ‘கடல்புறா’வையும் ஹஸனின் ‘சிந்து நதிக்கரையினிலே’யையும் ஒரே ஆவலில் வாசித்த தலைமுறை, எந்தக் கொடி வென்றது என்பதைத்தான் நினைவில் வைத்திருந்தது. விமல் குழந்தைவேல் எழுதிய ‘கசகறணம்’ அப்படிப்பட்ட நாவல் அல்ல. அக்கரைப்பற்றுச் சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விற்ற தமிழரும் முஸ்லிம்களும் எப்படிப் பிரிந்தார்கள் என்பதை நம் வாய்மொழியிலேயே சொல்கிறது. அதில் வெற்றி என்று ஒன்று இல்லை. அதைத் தேடி வாசித்த இளைஞரை நான் அதிகம் சந்திக்கவில்லை.

போர்க்களம் கண்டவர்தான் நபிகள் நாயகம் (ஸல்). எதிரியைச் சந்திக்க ஆசைப்பட வேண்டாம், அல்லாஹ்விடம் ஆபியத்தைக் கேளுங்கள் என்றுதான் தோழர்களுக்குச் சொன்னார்கள். சந்திக்க நேர்ந்தால் உறுதியாக நில்லுங்கள் என்பது அதற்குப் பிறகு வந்த பேச்சு. ஜும்ஆவில் பல தடவை கேட்ட ஹதீஸ்தான். அந்த ஆசையைத்தான் சண்டைப்படம் இரண்டரை மணித்தியாலம் ஊட்டி வளர்க்கிறது.

படத்தைத் தடைசெய்யும்படி நான் கேட்கவில்லை. பையனைத் திட்டியும் பயனில்லை. வெடியென்றால் என்ன என்று வீட்டில் எவரும் அவனுக்குச் சொன்னதில்லை. மூத்தவர்கள் வாய் திறக்காத இடத்தில் படம் வந்து குந்திக்கொண்டது. மறக்க விரும்பியவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கபுறு வெட்டியவர்கள், மையத்தைச் சுமந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பேச வேண்டும். பேரப்பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

அப்படிப் பேசும்போது காத்தான்குடியை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகக் கூடாது. சம்மாந்துறையிலிருந்து வீரமுனைக்கு நடந்தே போகலாம். அங்கே அன்று வாப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு இன்று நம் வயதுதான்.