தொழில் இழந்தவர் தலைகுனிய வேண்டுமா?

 வழமையாக நான் எமது ஆலய ஆண்டு மலரில் ஆலயத்தின் வரவு செலவு பற்றியோ திருப்பணி வேலைகள் பற்றியோ எழுதுபவன். இம்முறை வேறொரு பொருள் பற்றி எழுத மலர்க்குழுவினரிடம் அனுமதி கேட்டேன். சில வருடங்களாக என் மனத்தில் கிடந்து உறுத்துகின்ற விடயம் அது.

எமது ஆலயத் திருவிழாக்களுள் ஒன்றின் உபயம் ஒரு குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக உரித்தானது. எத்தனையாந் திருவிழா என்று எழுதினால் ஊரவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகையால் அதனைச் சொல்லாமல் விடுகின்றேன். இக்கட்டுரையை அவரிடமே முதலில் வாசிக்கக் கொடுத்து, அவர் "போடுங்கோ ஐயா" என்று சொன்ன பின்னரே மலருக்குக் கொடுத்தேன்.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்த பின்னர் யாழ்ப்பாண நகரத்தில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளை திறந்தமை எல்லோருக்கும் நினைவிருக்கும். மோட்டார்ச் சைக்கிள், முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம் எல்லாம் லீசிங்கில் கிடைத்தன. அப்படியான ஒரு கம்பனியில் இந்தத் தம்பி வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தார். கம்பனியின் பெயர் இங்கு தேவையில்லை. லீசிங் தவணைப் பணம் சேர்ப்பதும், ஊரில் உள்ளவர்களிடம் நிலையான வைப்புப் பெற்றுக் கொடுப்பதுமே அவருடைய வேலை. கழுத்துப்பட்டி கட்டி மோட்டார்ச் சைக்கிளில் போவார். நல்ல இடத்தில் கலியாணமும் நடந்தது. வருடந்தோறும் உபயப் பணத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குபவரும் அவரே.

ஒரு நாள் கம்பனி விழுந்தது. இது எமது நாட்டுக்குப் புதிதன்று. 2002இல் பிரமுக வங்கி மூடப்பட்டது. 2008இல் கோல்டன் கீ கம்பனி வீழ்ந்தது. பின்னர் 2018க்கும் 2020க்கும் இடையில் மத்திய வங்கி சில நிதிக் கம்பனிகளின் உரிமத்தை இரத்துச் செய்தது. இவ்வாறான வீழ்ச்சிகளில் நோய் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஒரு வருடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்புப் பணத்தைக் காணியிலும் கட்டடத்திலும் கொண்டுபோய் முடக்குவது, பணிப்பாளர்களுக்கு வேண்டியவர்களின் கம்பனிகளுக்கே கடன் கொடுப்பது, புதிதாக வருகின்ற வைப்பை எடுத்துப் பழைய வைப்புக்கு வட்டி கட்டுவது. வெளியில் இருந்து பார்ப்பவனுக்குப் புதுக் கிளையும் புதுப் பெயர்ப்பலகையும் தெரியும். உள்ளே கணக்கு அழுகிக்கொண்டிருக்கும். கிளையில் இருக்கின்ற உத்தியோகத்தனுக்கும் அது தெரிய வராது. அவனுக்கு மாதாந்த இலக்கு ஒன்றுதான் தெரியும்.

வேலை போனதை அந்தத் தம்பி வீட்டில் சொல்லவில்லை. மூன்று கிழமைகளுக்கு மேல் வழமைபோல் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலுடன் புறப்பட்டுப் போய், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்து மாலையில் திரும்பியிருக்கிறார். வைப்புப் போட்டவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் வைத்த அன்றுதான் மனைவிக்கு விடயம் தெரிந்தது.

இந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை இனிச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் பரிபாலன சபைக் கூட்டத்தில் அவருடைய உபயம் பற்றிய பேச்சு வந்தது. ஒருவர், "ஊராற்றை காசைத் திண்ட வினை, சும்மா விடுமே?" என்றார். இரண்டொருவர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, இன்ன திகதிக்கு முன்னர் உபயப் பணம் செலுத்தப்படாவிடின் அவ்வுபயம் வேறொருவருக்கு வழங்கப்படும் என்று ஆலயக் கடிதத் தலைப்பில் எழுதி அனுப்பினேன். 34 வருடங்கள் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராக இருந்தவனுக்கு இப்படிப்பட்ட கடிதம் எழுத ஐந்து நிமிடம் போதும். அவ்வருடத் திருவிழாவுக்கு அந்தக் குடும்பத்தில் இருந்து தாயார் மாத்திரம் வந்தார். அவரும் உள்ளே வரவில்லை. கேணியடியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று தொடக்கம் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. ஒருவருடைய தொழில் போவது அவருடைய வினையா? அப்படியென்றால் அதனை அவருக்கு எடுத்துச் சொல்லும் உரிமை எமக்கு உண்டா?

வினை உண்டென்பதை மறுத்தால் நாம் சைவர் அல்லர். முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் அனுபவிக்க வருவது பிராரத்தம், அதனை அனுபவிக்கும்போதே புதிதாக நாம் ஈட்டிக்கொள்வது ஆகாமியம் என்று சிறுவயதில் சைவசமய பாடத்தில் மனனம் செய்தோம். நாம் சரியாகப் படிக்காமல் விட்டது ஒன்றுண்டு. பிராரத்தத்தின் கணக்கேடு இறைவனிடத்தில் இருக்கின்றது. அதில் யாருக்கு என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரன் வாசித்துச் சொல்ல முடியாது. எங்களுடைய கைக்கு வருகின்ற ஏடு ஆகாமியம் ஒன்றே. கொழும்பில் இருந்துகொண்டு மற்றவர்களின் பணத்தைத் தாறுமாறாகக் கையாண்ட பணிப்பாளர்கள் தங்கள் ஆகாமியத்தை எழுதினார்கள். அவர்களுடைய செயலால் தொழில் இழந்து நின்ற ஒருவரைப் பார்த்து, "வினை" என்று சொல்லிச் சிரித்த வேளையில் நாங்களும் எங்களுடையதை எழுதினோம். வாய் திறவாமல் இருந்த நானும் எழுதினேன்.

வறுமை பாவத்தின் அடையாளம் என்றால் எமது நாயன்மார்களை என்ன சொல்வது? திருக்கடவூரில் குங்கிலியத் தொண்டு செய்த கலய நாயனார் வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடந்தனர். நெல் வாங்குவதற்காக மனைவியார் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் பொன்னுக்கும் அவர் குங்கிலியமே வாங்கினார் என்பது வேறு கதை. அப்படிப்பட்ட அடியாரின் வீட்டுக்கே வறுமை வந்ததென்றால், அது வருவதை வைத்து ஒருவரின் தராதரத்தை அளக்க முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். எமது பகுதியில் தொழில் இழப்பு ஒருபோதும் நடக்காததொன்றா? 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றுபோனது. அதனை நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களை யாரும் ஏளனம் செய்ததாக எனக்கு நினைவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, கடைக்காரரும் தோட்டக்காரரும் ஆசிரியரும் ஒரே வீதியில் மூட்டையோடு போனோம். சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர் எங்களுக்குத் தங்கள் திண்ணையைக் கொடுத்தார். என்ன வினை செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒன்றாக வந்த துன்பத்தில் வெட்கம் இருக்கவில்லை. ஒருவருக்குத் தனியாக வந்தபோது மட்டும் நாங்கள் அவரைத் தூர நின்று பார்த்தோம். அவரைப் பொது நூலகத்தில் ஒளிந்திருக்க வைத்தது கம்பனி மாத்திரம் அன்று.

அரசாங்க உத்தியோகத்தர்களாக இருந்தவர்களுக்கு இது விளங்குவது கடினம். குண்டு விழுந்த காலத்திலும் எங்களுக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது. பிந்தி வந்திருக்கலாம், வராமல் விடவில்லை. இப்போது ஓய்வூதியம் வருகின்றது. அதனை எங்கள் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றோம். தனியார் துறையில் உள்ள பிள்ளை எங்களைவிடக் கூடுதலாக ஓடியாடி உழைத்தும் ஒரே நாளில் வெறுங்கையாக நிற்கிறான்.

திருவீழிமிழலையில் படிக்காசு அருளிய வரலாற்றை நாம் எல்லோரும் பிரசங்கங்களில் கேட்டிருக்கின்றோம். மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. திருநாவுக்கரசு நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் அடியார்கள் வாடுவது கண்டு வருந்த, இறைவன் ஆலயத்தின் பீடத்திலே நாள்தோறும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினார். அக்காசைக் கொண்டு இருவரும் மடங்களில் அமுது சமைப்பித்துப் பறை சாற்றி எல்லோரையும் உண்ண அழைத்தார்கள். சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி இருந்தது, அப்பர் பெற்ற காசுக்கு இல்லை. அப்பர் கையால் உழவாரத் தொண்டு செய்தவர் என்பதே காரணம் எனப் பெரியோர் கூறுவர். நான் இவ்வரலாற்றில் எப்போதும் அந்த வாசிக் கதையையே இரசித்து வந்தவன். காசுக் கணக்குப் பார்த்தவனுக்கு அது இயல்புதானே. இப்போது என் மனம் நிற்பது அந்தப் பறையிலே. உண்ண வருபவன் தலைகுனிந்து பின்வாசலால் வரக்கூடாது என்பதற்காகவே ஊரறியப் பறை அடித்தார்கள் போலும். காசு கோயிலின் பீடத்திலே வைக்கப்பட்டது என்பதையும் தர்மகர்த்தாக்கள் ஆகிய நாம் யோசிக்க வேண்டும். எமது பீடத்தில் இருந்து போனது ஓர் அறிவித்தற் கடிதம்.

நானே அவர் வீட்டுக்குப் போனேன். திருவிழா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா, வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளுவன். என்ரை வாயைக் கேட்டுத்தானே அந்த ஆச்சி காசு போட்டவ. அதுக்கு என்ன செய்யிறது?" என்றார்.

இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. தெரியாமல் செய்தது பாவமா என்று சாத்திரம் பேசலாம். அவர் பொய் சொல்லவில்லை; தான் நம்பியதையே சொன்னார். தன்னுடைய சேமிப்பையும் அதே கம்பனியிலேயே வைத்திருந்தார். ஆனாலும் ஒவ்வொரு வைப்புக்கும் அவருக்கு ஊக்குவிப்புப் பணம் கிடைத்தது உண்மை. குற்றம் இல்லை என்று சொல்லி அவரை ஆறுதற்படுத்த முயன்றேன், அவர் கேட்கவில்லை. இன்று யோசிக்கும்போது அவர் கேட்காததே சரி என்று படுகின்றது. குற்றம் வேறு, கடமை வேறு. குற்றம் இல்லாத இடத்திலும் கடமை இருக்கலாம்.

அவர் என்ன செய்தார் என்றால், தான் வைப்புப் பெற்றுக் கொடுத்த வீடுகளின் பட்டியலை எடுத்து, சைக்கிளில் ஒவ்வொரு வீடாகப் போனார். மோட்டார்ச் சைக்கிள் அப்போது இல்லை. வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. உரிமம் பெற்ற நிதிக் கம்பனி வீழ்ந்தால் வைப்பாளருக்கு ஒரு வரையறை வரை நட்டஈடு கிடைக்கும். அவ்வரையறை 2021 தொடக்கம் 11 இலட்சம் ரூபாவாக உள்ளது. இது பலருக்குத் தெரியாது. அவர் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, முதியவர்களைத் தானே யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிச் சென்றார். முதல் நாள் சில வீடுகளில் ஏச்சு வாங்கினார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்களாம். இதனை அவர் பின்பு சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஆச்சிக்குப் பணம் கிடைத்த அன்று, ஆச்சி அவர் வீட்டுக்கு ஒரு குலை கதலி வாழைப்பழம் அனுப்பினார்.

தொழில் இழக்கின்ற பிள்ளைகளுக்கும் உரிமைகள் உண்டு. துக்கத்தில் அவற்றைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தாபனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதாயின் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்லுகின்றது. ஐந்து வருடம் சேவை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் கழித்து, தாபனம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்குத் தாபனம் 3 வீதம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு. ஆகையால் வெட்கப்பட்டு நாள் கடத்தக் கூடாது. வேலையில் இருக்கின்ற பிள்ளைகளும் வருடத்தில் ஒரு தடவையாவது சேமலாப நிதிக் கூற்றை எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பனிக்கு வருத்தம் வந்தால் பல இடங்களில் முதலில் பிந்துவது இந்தக் கட்டுப்பணந்தான். விண்ணப்பம், முறைப்பாடு எழுதத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின்னர் ஆலய அலுவலகத்துக்கு வந்தால் நான் எழுதித் தருவேன். கடிதம் எழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

அந்தத் தம்பி இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். முன்னைய சம்பளத்தில் அரைவாசியும் இல்லை. அடுத்த வருடத் திருவிழாவுக்கு உபயப் பணம் கட்ட முடியவில்லை என்று அவரே வந்து சொன்னார். உபயம் உங்கள் குடும்பத்தின் பெயரிலேயே நடக்கும், செலவைச் சபை பொறுக்கும் என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். அவர் அதனைச் சும்மா ஏற்க மறுத்தார். கொடியேற்றத்துக்கு முந்திய பத்து நாட்கள் விடியற்காலையில் வந்து வெளிவீதி செதுக்கி, கேணி இறைத்து, மடைப்பள்ளிப் பாத்திரங்களைத் துலக்கினார். திருவிழா அன்று ஒலிபெருக்கியில் குடும்பத்தின் பெயர் வழமைபோல் வாசிக்கப்பட்டது. தாயார் வசந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தார்.

மறுநாள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் தொகை எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். "உழவாரம், 10 நாள்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். வருட முடிவில் கணக்காய்வுக்கு வந்தவர் இது என்ன என்று கேட்டார். இருத்தித் தேநீர் கொடுத்து முழுவதையும் சொன்னேன்.