அசையாமலும் தின்னும்

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று பாட்டிகள் சொல்வார்கள். அந்தப் பாட்டிகளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள். அது அசைந்தும் தின்னும், அசையாமலும் தின்னும்.

‘எனக்கெதுக்கு சார் ஸ்போர்ட்ஸ் கார்? இருக்கிற டூவீலருக்கே பெட்ரோல் போட முடியலை’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கேள்வி உங்களுக்கும்தான். விலை உயர்ந்த ஒரு பொருளை, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே தினமும் உபயோகிப்பது ஊதாரித்தனமா? இல்லை, உறை போட்டு மூடி வைப்பதுதான் ஊதாரித்தனமா? பீரோவில் கிடக்கிற கல்யாணப் பட்டு, வருகிறவர்களுக்கு மட்டும் வெளியே எடுக்கிற வெள்ளி டம்ளர், பாலிதீன் பிரிக்காத சோபா எல்லாவற்றுக்கும் பொருந்துகிற கேள்வி. காரை வைத்துக் கேட்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எவ்வளவு உபயோகித்தோம் என்பதற்குப் பொருளிலேயே மீட்டர் வைத்து, அந்த எண்ணைப் பார்த்து அதன் விலையை நிர்ணயிக்கிறார்கள். பட்டுப்புடவைக்கு அது இல்லை.

முதலில் கணக்கு. ஜெர்மனியில் ஒருவர் போர்ஷே 911 வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1963-ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய கார். என்ஜின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். புதுசு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். ஸ்போர்ட்ஸ் கார்களில் இது கொஞ்சம் குடும்பஸ்தன். பின் சீட்டில் சின்னப் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு கறிகாய் வாங்கப் போகலாம். நம்மவர் அதை வருஷத்துக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார். அதாவது தினம் 110. (நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை என்று அர்த்தம். அங்கே பழைய கார் வாங்குகிறவர் மைலேஜ் கேட்டால், இதுவரை மொத்தம் எத்தனை ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே வார்த்தை, இங்கே கூடினால் சந்தோஷம், அங்கே கூடினால் துக்கம்.)

நூறு கிலோமீட்டருக்குப் பத்தரை லிட்டர் என்று வைத்தால் வருஷத்துக்கு 4,200 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 1.80 யூரோ என்று போட்டால் 7,560 யூரோ. அப்புறம் டயர். பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலம், விட்டமும் பெரிசு. அதனால் நம் மெக்கானிக்குகள் செய்கிற மாதிரி முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்க முடியாது. ரோட்டைக் கவ்விப் பிடிப்பதற்காக ரப்பரும் மெத்தென்று இருக்கும்; மெத்தென்று இருப்பது சீக்கிரம் தேயும். ஓட்டுகிறவரின் வலது காலைப் பொறுத்து, பதினைந்தாயிரம் இருபதாயிரம் கிலோமீட்டரில் பின் ஜோடி போய்விடும். நம்மவருக்கு வருஷத்துக்கு இரண்டு ஜோடி. ஒரு ஜோடியின் விலையில் இங்கே ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். இதற்கு மேல் பிரேக், ஆயில், சர்வீஸ், இன்ஷூரன்ஸ்.

டயர் விஷயத்தில் உச்சம் 2005-ல் வந்த புகாட்டி வேரோன். மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போகும். அந்த வேகத்திலேயே விடாமல் போனால் டயர் கால் மணி நேரம்தான் தாங்கும் என்றார்கள். பயப்பட வேண்டாம், அதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும்.

இந்தச் செலவெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. பில் வரும், வயிறு எரியும். தெரியாத செலவுதான் பெரியது. அமெரிக்க வருமான வரித்துறை வருஷா வருஷம் ஒரு கணக்குச் சொல்கிறது. சொந்த காரைத் தொழிலுக்காக ஓட்டினால் மைலுக்கு இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று. 2025-க்கு அது 70 சென்ட். அதே காரில் வைத்தியத்துக்காகப் போனால் 21 சென்ட்தான். ஏன் இந்த ஓரவஞ்சனை? முதல் கணக்கில் தேய்மானம், இன்ஷூரன்ஸ் போன்ற நிலையான செலவுகளும் சேர்த்தி. இரண்டாவதில் வண்டி நகர்வதால் ஆகிற செலவு மட்டும். ஆக, சாதாரணக் காருக்கே எழுபதில் நாற்பத்தொன்பது சென்ட், வண்டி என்று ஒன்று இருப்பதற்காக. பிரிட்டனில் 2011-ல் வைத்த விகிதம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: ஆபீஸ் வேலைக்காகச் சொந்த காரை ஓட்டினால் முதல் பத்தாயிரம் மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25. நிறைய ஓட ஓட ஒவ்வொரு மைலும் மலிவு.

லட்ச யூரோ காருக்கு இருப்பதற்கான செலவு இன்னும் கொழுத்தது. அது மீட்டரைப் பார்த்து மட்டும் வருவதில்லை, காலண்டரைப் பார்த்தும் வரும். ஃபெராரி F355 என்று தொண்ணூறுகளில் ஒரு கார். அதில் டைமிங் பெல்ட்டைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு என்ஜினையே கீழே இறக்க வேண்டும். ஃபெராரி F40-யின் பெட்ரோல் டேங்க் ரப்பர் பை மாதிரியானது. அதற்கும் வயசாகும். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் நின்றாலும் பாட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கம் அழுந்திச் சப்பையாகும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். ஷெட்டில் நிற்கிற காரின் செலவை அது ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியும் ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்? ரீசேல். பத்து வருஷப் பழைய 911 இரண்டு விற்பனைக்கு வருகின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது, இன்னொன்று இரண்டு லட்சம். முதலாவதற்கு விலை எங்கேயோ இருக்கும். அதை வாங்குகிற புண்ணியவான் எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்? முந்தின சொந்தக்காரர் ஓட்டாமல் அடக்கி வைத்த ஆசைக்கு. சரி, இவராவது ஓட்டுவாரா என்றால் அதுவும் முடியாது. ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தக் கூடுதல் பணத்தைக் கரைக்கும். காரோடு சேர்த்து, ஓட்டக்கூடாது என்கிற விரதத்தையும் விலைக்கு வாங்கியிருக்கிறார். அடுத்தவர் அதை இவரிடமிருந்து வாங்குவார். கைமாறிக்கொண்டே போகும், யாரும் ஓட்ட மாட்டார்கள். உலகத்திலேயே மிக நன்றாக ஓடுகிற சில கார்களின் கதி இது.

அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு பேசுகிறார். செருப்புக்கு உபயோகம் இரண்டு: போட்டுக்கொள்ளலாம், கொடுத்து வேறு பொருள் வாங்கலாம். இரண்டும் செருப்பின் உபயோகம்தான், ஆனால் செருப்பு செய்யப்பட்டது முதலாவதற்காக என்கிறார். அவர் காலத்தில் காலில் போடாமலே கைமாறிக்கொண்டிருக்கும் செருப்பு இருந்திருக்காது. திருவள்ளுவரும் சும்மா விடவில்லை. ‘நன்றியில் செல்வம்’ என்று பத்துக் குறள், தானும் அனுபவிக்காமல் பிறர்க்கும் கொடுக்காமல் கிடக்கிற சொத்தைப் பற்றி.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இருந்தார். இர்வ் கார்டன், நியூயார்க் லாங் ஐலண்டில் விஞ்ஞான வாத்தியார். 1966-ல் ஒரு சிவப்பு வோல்வோ P1800 வாங்கினார். ‘தி செயின்ட்’ டி.வி. தொடரில் ரோஜர் மூர் ஓட்டிய அதே ரகம், அழகான கூப்பே. விலை 4,150 டாலர், ஏறக்குறைய அவருடைய ஒரு வருஷச் சம்பளம். வெள்ளிக்கிழமை வாங்கி, இரண்டே நாளில் 1,500 மைல் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் சர்வீஸுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாராம். ஸ்கூலுக்குப் போய்வரத் தினம் 125 மைல். 1987-ல் பத்து லட்சம் மைல். 2002-ல் இருபது லட்சம். 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் முப்பது லட்சம். ஒரே கார், ஒரே சொந்தக்காரர். கின்னஸ் புத்தகத்தில் ஏற்றினார்கள். என்ஜினை முதன்முதலாகப் பிரித்துச் செப்பனிட்டது 6,80,000 மைலில். ரகசியம் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். காரோடு கொடுத்த புத்தகத்தில் எப்போது எதை மாற்றச் சொல்லியிருந்ததோ அப்போது அதை மாற்றினார், அவ்வளவுதான். 2018-ல் காலமானார்.

கார் வாங்கிய விலையை மைலால் வகுத்தால் மைலுக்கு ஒரு சென்ட்டில் ஏழில் ஒரு பங்குகூட வரவில்லை. விற்பீர்களா என்று கேட்டவர்களிடம் ‘மைலுக்கு ஒரு டாலர் கொடுங்கள்’ என்பாராம். ஊரெல்லாம் மைல் ஏற ஏற விலையைக் குறைக்க, மனுஷன் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

எனக்கு வாத்தியார் பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆனால் அவருடைய கணக்கில் ஒரு பத்தியை இன்னும் நாம் கூட்டவில்லை. காலனுக்கு 25 மைல் என்று தாராளமாகவே போடுகிறேன். முப்பது லட்சம் மைலுக்கு 1,20,000 காலன், அதாவது நாலரை லட்சம் லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஆயிரம் டன்னுக்கு மேல் வருகிறது. ஒரு மனிதர், ஒரு சின்ன சிவப்புக் கார்! இந்த பில்லை எந்த மெக்கானிக்கும் அவரிடம் நீட்டவில்லை. காரே இல்லாதவர்கள், இன்னும் பிறக்காதவர்கள் என்று பலபேர் தலையில் பங்கு போட்டுவிட்டது.

‘அப்படியானால் ஷெட்டில் போட்டு வைத்தவர்தான் யோக்கியரா?’ என்பீர்கள். அவசரப்பட வேண்டாம். அவரும் ஆபீஸுக்கு நடந்து போகவில்லை. வேறு காரில் போகிறார். வாத்தியார் ஐம்பது வருஷத்தில் பத்து கார் மாற்றியிருந்தால் அந்தப் பத்தையும் செய்ய இரும்பு உருக்கியாக வேண்டும். நியாயமாகப் பார்த்தால், எப்படியும் போயே ஆக வேண்டிய தூரத்துக்கான பெட்ரோலை ஸ்போர்ட்ஸ் கார் பேரில் எழுதக்கூடாது. வித்தியாசத்தை மட்டும் எழுத வேண்டும். நம் ஜெர்மன்காரர் அதே நாற்பதாயிரத்தை ஒரு சின்ன காரில் போனால் பாதிப் பெட்ரோல் ஆகும். மிச்சம் 2,100 லிட்டர், சுமார் ஐந்து டன் கரியமில வாயு. அதுதான் அவருடைய சந்தோஷத்தின் பேரில் எழுத வேண்டிய தொகை. ‘என் காசு, நான் எரிக்கிறேன்’ என்று அவர் சொல்லலாம். பெட்ரோலுக்குத்தான் அவர் காசு கொடுத்தார். புகை போகிற இடத்துக்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தார்?

அந்த 2,100 லிட்டரில் உண்மையிலேயே எத்தனை லிட்டர் சந்தோஷம் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 290 கிலோமீட்டர் போகக்கூடிய கார், காலையில் ஊருக்குள் நுழைகிற நெரிசலில் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருபதில் ஊர்ந்தால், அதுவும் உபயோகம்தானா? மீட்டர் ஏறுகிறது, டயர் தேய்கிறது. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். மீட்டருக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. வாத்தியாருக்கு ஒவ்வொரு மைலும் பிடித்திருந்தது என்று தோன்றுகிறது, இல்லாவிட்டால் முப்பது லட்சம் வராது. நாற்பதாயிரம் ஓட்டுகிற எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

என்னைக் கேட்டால், திங்கள் முதல் வெள்ளி வரை ரயில். பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை ஓசியில் படிக்கலாம். சனிக்கிழமை விடிவதற்கு முன் காரை எடுத்து, மலைப்பாதையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும், மழையானாலும், ரீசேலை ஒருதரம்கூட நினைக்காமல். மீட்டரை வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ்காரர் பார்த்தால் போதும். பதினைந்தாயிரம் கிலோமீட்டர் வருமா? வரும். பின் டயர் ஒரு ஜோடியோடு போய்விடும்.