விடைப் பக்கம்

ஆசிரியர் துணையின்றி ஜப்பானிய மொழியின் தொடக்கநிலை இலக்கணப் பயிற்சிகளை இரவுதோறும் எழுதி வருகிறோம். மொழியைக் காட்டிலும் கடினமான ஐயமொன்று அதில் நம்மை எதிர்கொண்டது. பயிற்சி நூலின் இறுதியில் விடைகள் உள்ளன. எழுதுபவரும் நாமே, திருத்துபவரும் நாமே. தவறை அழித்துச் சரியானதை எழுதிச் சரிக்குறியும் இட்டுக்கொண்டால், அங்கே ஏமாற்றப்பட்டவர் யார்?

தமிழருக்கு ஜப்பானிய வாக்கியம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. வினை இறுதியில் நிற்கும். பெயருக்குப் பின்னரே உருபு வரும். (சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இரு மொழிக்கும் உறவுண்டு என வாதிட்டார், மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. மேடைகளில் நாம் முற்பாதியை மட்டும் சொல்லி மகிழ்வது வழக்கம்!) இந்த எளிமையே நம்மைச் சறுக்க வைத்தது. தோட்டத்தில் பூனை இருக்கிறது. தோட்டத்தில் குழந்தை விளையாடுகிறது. நமக்கு இரண்டிடத்தும் 'இல்' ஒன்றே. அவர்களுக்கோ, இருத்தலைச் சொல்லும்போது 'நி', செயல் நிகழுமிடத்தைச் சொல்லும்போது 'டே'. அன்றியும் பூனைக்கு 'இமஸ்', மரத்திற்கு 'அரிமஸ்'. நாம் பூனையையும் மரத்தையும் அஃறிணையில் அடக்கினோம். அவர்கள் பூனையை மனிதரோடு சேர்த்து, மரத்தைக் கல்லோடு வைத்தனர்.

'நி'யா, 'டே'யா என இருபது கோடிட்ட இடங்கள். ஒன்றுமறியாதவன் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினும் ஏறத்தாழப் பாதி சரியாகிவிடும். குருட்டாம்போக்கில் எழுதியது சரியாய் அமைந்தால் அதற்குச் சரிக்குறி இடலாமா? விடை பொய்யன்று; ஆனால் குறி பொய். 'எனக்குத் தெரியும்' என்று அது சாட்சி சொல்கிறது. மூன்று திங்கள் கழித்து அந்த ஏட்டைப் புரட்டி, 'இப்பாடம் முடிந்தது' என்று நம்பி மேலே செல்லப்போகிறவர் இன்றைய நாமல்லர். அவர் இங்கு நடந்ததை மறந்திருப்பார். ஏமாற்றப்படுபவர் அவரே.

விடையைப் பார்ப்பதே குற்றமென்று நாம் கூறவில்லை. வளர்ந்தவர் தம் விருப்பத்தால் கற்பது தேர்வன்று. முதலில் விடையைக் கண்டு பின்னர் காரணத்தைத் தேடுவதும் கல்வியே. அழிப்பதுதான் உறுத்துகிறது. அலுவலகப் பதிவேட்டில் ஓர் இலக்கம் பிழையானால், பழையது படிக்கத் தெரியுமாறு ஒரு கோடு கிழித்து, சரியானதை மேலே எழுதிச் சுருக்கொப்பம் இடுகிறோம். பகலெல்லாம் இவ்விதியைப் பிறரிடம் வற்புறுத்தும் கை, இரவில் அழிப்பானைத் தேடியது.

கணக்கு நூலின் பின்பக்கத்தைப் புரட்டியதற்காக மகனைக் கடிந்துகொண்ட அதே வாரத்தில், அவன் நம் ஏட்டைப் பார்த்துவிட்டான். பக்கத்துக்குப் பக்கம் சரிக்குறிகள். "அப்பா, உங்களுக்குத் தப்பே வராதா?" என்றான். கேலியன்று, மெய்யான வியப்பு. நாம் சிரித்து மழுப்பினோம். அவனைக் கடிந்துரைக்க நமக்கிருந்த தகுதி அந்தச் சிரிப்போடு போயிற்று.

இப்போது பேனாவால் எழுதுகிறோம். அறிந்து எழுதியது சரியானால் சரிக்குறி, ஊகித்தது சரியானால் ஒரு புள்ளி, பிழைக்குக் கோடு. நேற்றைய இருபதில் சரிக்குறி ஒன்பது, புள்ளி ஆறு, கோடு ஐந்து. அந்தப் பக்கத்தை மகனிடம் இன்னும் காட்டவில்லை.