சிக்கனமும் நோன்பும்

காரைத் தாமே திருத்தி எரிபொருளை மிச்சப்படுத்துவது அறமாகுமா? செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்று இக்கேள்விக்கு ஓர் அளவுகோல் தருகிறது. அங்கே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சமண முனிவர் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தேவையையே குறைக்கும் நோன்புதான் அந்த அளவுகோல்.

எது உண்மையான மிச்சம் என்பது முதல் கேள்வி. செஞ்சி வழியாகச் செல்லும் திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையில் கூரைமேல் வெறும் கேரியரோடு ஓடும் கார் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைவிட 80-இல் அது நான்கு மடங்கு. கேரியரைக் கழற்றுவதும், டயரில் உரிய அளவு காற்று வைப்பதும் உண்மையான மிச்சம். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவதால் பயனில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் என்ஜின் உரிய சூட்டை எட்டாமல் கூடுதலாகவே எரிபொருள் குடிக்கும். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது பிறர் மூச்சில் நஞ்சைக் கலப்பது. அது அகிம்சைக்கே பகை.

மிச்சமானது எங்கே போகிறது என்பதே அடுத்த கேள்வி. நீராவி என்ஜின் செம்மையானபோது நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகியது என்று 1865-இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் காட்டினார். லிட்டருக்குக் கூடுதல் தூரம் கிடைத்தால் பயணமும் கூடுவது இயல்பு.

சமண இல்லறத்தார்க்குரிய திக்விரதம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தூரத்துக்கு மேல் செல்வதில்லை என்று வரம்பு கட்டிக்கொள்வதே அந்த விரதம். கருவியைத் திருத்துவது சிக்கனம். தேவையைத் திருத்துவதே நோன்பு. இரண்டாவது இல்லாமல் முதலாவது அறமாக முழுமை பெறாது.