சொல் வந்த வழி

அதிராம்பட்டினத்தில் கடற்காற்று உப்பளங்களைத் தடவிக்கொண்டுதான் ஊருக்குள் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளின் கப்ளருக்குள் புகுந்து, செம்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கிறது. அப்படியொரு கார் பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நெடுநேரம் சுற்றுகிறது. பிறகு ஒருவழியாக எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவில்லை. ஸ்கேனரை மாட்டினால் பி0340 என்று காட்டுகிறது. “கேம் சென்சார் போயிடுச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்.” போடுகிறார்கள். மறுநாள் அதே விளக்கு, அதே எண்.

இந்த எண்ணுக்கு எழுதப்பட்டிருக்கும் விளக்கம், கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பது. சென்சார், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர், எர்த் ஒயர், சேதி கொண்டுபோகும் சிக்னல் ஒயர், நடுவிலுள்ள கப்ளர்கள், சேதியை வாங்கும் கண்ட்ரோல் யூனிட் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். சேதி வந்து சேரவில்லை என்றுதான் எண் சொல்கிறது. யாரால் வரவில்லை என்று அது சொல்லவே இல்லை. கேட்டவர்தான் ஒரு குற்றவாளியின் பெயரைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறார்.

கண்ட்ரோல் யூனிட்டின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு மூடிய பெட்டி. எஞ்சினை அது ஒருநாளும் கண்டதில்லை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதைக் கிராங்க் சென்சார் சொல்லிவிடும். ஆனால் அது கம்ப்ரஷனுக்காக மேலே வந்ததா, புகையை வெளியே தள்ள வந்ததா என்பது கிராங்குக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல இருக்கும் சாட்சி கேம் சென்சார். பல வண்டிகளில் அது ஹால் வகை. எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த விளைவை வைத்து வேலை செய்வது. பல் வைத்த சக்கரம் அதைக் கடக்கும்போதெல்லாம் சிக்னல் ஒயரின் மின்னழுத்தம் ஏறி இறங்கும். பெட்டிக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் உலகம்.

பிறர் சொல்லைக் கொண்டு மட்டும் ஒன்றை அறிந்தால், அதை அறிவு என்று சொல்லலாமா? சமயங்களின் அடிப்படைக் கேள்விகளில் இது ஒன்று. எந்த நபியையும் எந்த ஞானியையும் இன்றைய பக்தர் நேரில் கண்டதில்லை. அவருக்குக் கிடைத்திருப்பது, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் செவிக்கு வந்த சொல்.

இந்தக் கேள்வி காவிரிக் கரைக்குப் புதியதில்லை. பூம்புகாரில் பிறந்த மணிமேகலை, வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவர் அளவைவாதி. எதைக் கொண்டு அறிகிறோம் என்பதற்கு அவர் பத்து அளவைகளைச் சொல்கிறார். காண்டல், கருதல், ஆகமம் இவற்றோடு ஐதிகம் என்று ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வது அதற்கு உதாரணம். யார் முதலில் கண்டார், யார் யாருக்குச் சொன்னார் என்று தொடரே இல்லாத சொல் அது. “இந்த மாடல்ல கேம் சென்சார்தான் அடிக்கடி போகும்” என்று பட்டறைகளில் உலவும் பேச்சும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பலமுறை உண்மையாக இருந்துவிடுவதால்தான் அது ஆபத்தானது.

நியாய மரபினர் சொல்லைத் தனி அளவையாகவே ஏற்றார்கள். நிபந்தனை ஒன்று: சொல்பவர் ஆப்தராக, அதாவது பொருளை நேராக அறிந்தவராகவும் அறிந்தபடியே சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும். ரிஷிக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் எழுதியது, அந்தக் காலத்தில் சொல்லத் துணிவு வேண்டிய சொல். உலகாயதர் இதை மொத்தமாக மறுத்தனர்; கண்டதே அறிவு என்றனர். ஐரோப்பாவிலும் இந்த வழக்கு நடந்தது. பிறர் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பதை அனுபவமே தீர்மானிக்கிறது என்று டேவிட் ஹியூம் 1748-ல் வாதிட்டார். பிறர் சொல்வதை நம்பும் இயல்போடுதான் மனிதன் பிறக்கிறான் என்று தாமஸ் ரீட் 1764-ல் பதில் சொன்னார்.

இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் சொல்பவரைப் பற்றியே பேசினார்கள். சொல் வந்த வழியை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் முறையைக் கட்டி எழுப்பியவர்கள் ஹதீஸ் அறிஞர்கள். அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை முஸ்லிம் ஊர்களின் மதரசாக்களில் ஓதுபவர்களுக்கு இது பழகிய பாடம். நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாக வரும் ஒரு செய்திக்கு, அதாவது ஹதீஸுக்கு, இரண்டு பகுதி உண்டு: செய்தி, அதைக் கொண்டுவந்த அறிவிப்பாளர் தொடர். தொடரில் உள்ள ஒவ்வொருவரிடமும் இரண்டு தன்மைகளைத் தேடுவார்கள். ஒன்று நேர்மை; மற்றது கேட்டதைப் பிசகாமல் வைத்திருக்கும் உறுதி. நேர்மையானவர் என்பதற்காக ஞாபகப் பிழைக்குச் சலுகை கிடையாது. அதோடு இரண்டு கண்ணிகளுக்கு நடுவே உண்மையிலேயே தொடர்பு இருந்ததா என்பதும் தனிக் கேள்வி.

இந்த மூன்றாவது கேள்வியில் ஒரு புகழ்பெற்ற கருத்து வேற்றுமை உண்டு. ஆசிரியரும் மாணவரும் ஒரு முறையாவது சந்தித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பது இமாம் புகாரி (இறப்பு 870) கடைப்பிடித்ததாக அறிஞர்கள் சொல்லும் நிபந்தனை. இருவரும் ஒரே காலத்தவர், சந்தித்திருக்க வாய்ப்பும் உண்டு, இடைவெளியை மறைத்து அறிவிப்பவர் என்ற பெயரும் அந்த மாணவருக்கு இல்லை என்றால் அதுவே போதும் என்றார் இமாம் முஸ்லிம் (இறப்பு 875). மாற்றுக் கருத்தைத் தம் நூலின் முன்னுரையில் பெயர் சொல்லாமல் கடுமையாகவே மறுத்திருக்கிறார். இரண்டு பேருமே மாபெரும் அறிஞர்கள். இந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது மார்க்க அறிஞர்களின் வேலை. பட்டறையில் மட்டும் புகாரியின் பக்கம் நிற்பதே நல்லது. ஒயரிங் படத்தில் சென்சாரிலிருந்து பெட்டி வரைக்கும் ஒரு கோடு போட்டிருக்கும். சந்தித்திருக்க வாய்ப்பு உண்டு என்பதைத்தான் அந்தக் கோடு காட்டும். சந்தித்தார்களா என்பதை மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை எளியது, பொறுமை மட்டும் வேண்டும். சென்சார் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மூன்று முனைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்றில் வண்டியைப் பொறுத்து 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வர வேண்டும். ஒன்று எர்த். மூன்றாவதில், பல வண்டிகளில், பெட்டியே அனுப்பி வைத்திருக்கும் 5 வோல்ட் நிற்கும். சென்சார் அதைக் கீழே இழுத்து இழுத்து விடுவதுதான் சேதி. கப்ளரை மறுபடி மாட்டி, எஞ்சினைச் சுற்றவிட்டு, சிக்னல் ஏறி இறங்குகிறதா என்று சென்சார் பக்கத்திலும் பெட்டியின் பக்கத்திலும் பார்க்க வேண்டும். இங்கே இருந்து அங்கே இல்லை என்றால் சென்சார் நிரபராதி. அந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் எத்தனையோ நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன.

இதைவிட நுட்பமான ஒரு கோளாறு உண்டு. ஒயருக்குள் இருபது இழை இருந்து பத்தொன்பது அறுந்துபோனாலும், மிச்சமிருக்கும் ஓர் இழை போதும், ஓம் மீட்டர் ‘தொடர்பு சரி’ என்று காட்ட. மீட்டர் அனுப்பும் மின்சாரம் அவ்வளவு அற்பம். அதே ஒயரை இரு முனையிலும் கழற்றி, ஒரு பல்பைக் கோத்து பேட்டரியில் கொடுத்தால் பல்ப் மங்கிப்போகும். களிம்பேறிய எர்த்தும் இப்படித்தான். வேலை நடக்கும்போது அங்கே எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளந்தால்தான் தெரியும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். வெளிப்பார்வைக்கு எல்லா நிபந்தனையும் சரியாக இருந்து, உள்ளே ஒளிந்திருக்கும் குறை ஹதீஸ் கலையில் தனித் துறை. டமாஸ்கஸில் அந்தக் கலையைத் தொகுத்து எழுதிய இப்னுஸ் ஸலாஹ் (1181–1245) உட்பட அறிஞர்கள் பலரும் அதை மிகக் கடினமான பகுதி என்றே கருதினார்கள். ஒரே செய்தி எத்தனை வழிகளில் வந்திருக்கிறதோ அத்தனையையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அது அகப்படாது. பட்டறையில் அந்த இன்னொரு வழி கிராங்க் சென்சார். ஆசிலோஸ்கோப்பில் இரண்டு சிக்னலையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டால், எது எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும்.

சென்சார் ஒருபோதும் கெடாது என்று இதற்குப் பொருளில்லை. கெடும், அதுவும் விசித்திரமாகக் கெடும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காகச் சொல்லும். பட்டுக்கோட்டை போய்ச் சூடானதும் வாயடைத்துவிடும். ஆறினால் மறுபடி பேசும். முதுமையில் நினைவு குழம்பிய அறிவிப்பாளர்களை ஹதீஸ் அறிஞர்கள் இப்படித்தான் கையாண்டார்கள். அதாஉ பின் அஸ்ஸாயிப் என்பவர் நம்பகமானவர், ஆனால் கடைசிக் காலத்தில் குழம்பியவர். அவரை ஒரேயடியாகத் தள்ளவில்லை. சுஃப்யான் அஸ்ஸவ்ரீ, ஷுஃபா போல் முன்னரே கேட்டவர்கள் வழியாக வந்ததை ஏற்றார்கள். பின்னால் கேட்டவர்கள் வழியாக வந்ததை நிறுத்தி வைத்தார்கள். ஒரு மனிதரைக் கூட்டிப் பெருக்கி நல்லவர், கெட்டவர் என்று முத்திரை குத்தாமல், எந்த நிலையில் சொன்னார் என்று பிரித்துப் பார்த்த நியாயம் அது. இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. டைமிங் செயின் தளர்ந்துபோன வண்டியில் சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்லும். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று வேறு எண் வரும். அங்கேயும் முதலில் கழற்றப்படுவது பெரும்பாலும் உண்மையைச் சொன்ன சென்சார்தான்.

சேதி வராதபோது வண்டி என்ன செய்கிறது? சில வண்டிகள் கிளம்ப மறுக்கும். பல வண்டிகள் கிராங்கை மட்டும் நம்பி, எது கம்ப்ரஷன் என்று ஊகித்து முயன்று பார்க்கும். செல்ஃப் நெடுநேரம் சுற்றுவது அதனால்தான். போதுமான சான்று இல்லாதபோதும் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை என்பதால் இந்தச் சிக்கல் மார்க்கத்திலும் உண்டு. பலவீனமான ஹதீஸை ஹலால், ஹராம் போன்ற சட்டங்களுக்கு எடுக்கக் கூடாது, நற்செயல்களில் ஆர்வமூட்ட எடுக்கலாம் என்றார் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபைச் சேர்ந்த இமாம் நவவி (இறப்பு 1277). எல்லோரும் இதை ஏற்கவில்லை. பின்னால் வந்த இப்னு ஹஜர் (இறப்பு 1449) மூன்று நிபந்தனைகள் வைத்தார்: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது; ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு பொது விதிக்குள் அது அடங்க வேண்டும்; செயல்படும்போது அது உறுதியானது என்று நம்பிவிடக் கூடாது. மூன்றாவதுதான் மிகக் கடினம். ஊகத்தில் ஓடும் வண்டி ஓடிக்கொண்டே மஞ்சள் விளக்கையும் எரியவிடுகிறது. மனிதர்களுக்கு, செயல்படத் தொடங்கியதும் அந்த விளக்கை அணைத்துவிடும் பழக்கம் உண்டு.

சர்க்யூட் சரியான பிறகும் பெட்டி உடனே நம்பிவிடுவதில்லை. 1996 முதல் அமெரிக்காவில் கட்டாயமான ஓபிடி-2 விதியின்படி, கோளாறு இல்லாமல் அடுத்தடுத்து மூன்று ஓட்டங்கள் ஓடினால்தான் விளக்கு அணையும். எண் நினைவிலிருந்து அழிய, எஞ்சின் 40 முறை குளிர்ந்து மீண்டும் சூடேற வேண்டும். நபிகள் நாயகத்தின் (ஸல்) பெயரில் தெரிந்தே பொய் சொன்ன ஒருவர் மனம் திருந்தினால், அதன் பிறகு அவர் அறிவிப்பதை ஏற்கலாமா என்றும் ஒரு விவாதம் உண்டு. ஏற்கவே கூடாது என்றனர் இமாம் அஹ்மதும் (இறப்பு 855) புகாரியின் ஆசிரியரான ஹுமைதியும். அந்த மனம் திருந்தல் (தவ்பா) உண்மையானால் ஏற்க வேண்டும் என்றார் நவவி.